தீவாச்சி எழுதிய பதில்களை நான் எழுதவில்லை

பெயர்: அரியநாயகம் ஞானசவுந்தரி. வயது: எழுபத்திரண்டு. தொழில்: மாடு வளர்த்தல், மோர்மிளகாய் போடுதல். முகவரி: நெடுந்தீவு மேற்கு. படிப்பு: ஐந்தாம் வகுப்பு.

மேலே உள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. நான் நெடுந்தீவிலே பிறந்து நெடுந்தீவிலேயே இருக்கிறேன். கணவர் அரியநாயகம் காலமாகிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் எனக்கு எழுத வாசிக்கத் தெரியும், ஆகவே கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே வைப்பேன் என்று எழுதுகிற உத்தியோகத்தரிடம் முதலிலேயே சொன்னேன். அவரும் சரி என்றார். என்னை யாரும் இங்கே இழுத்து வரவில்லை. பிரதாபன் என்பவர் இன்று காலை என்மேல் முறைப்பாடு செய்திருப்பதாக ஆள் விட்டார்கள், நானாகவே வந்தேன்.

அந்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தன் மனைவியை நான் என் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாகவும், வரச்சொல்லி நானே தன்னை எழுத்தில் அழைத்துவிட்டு, வந்த இடத்தில் மனைவியைக் காட்டாமல் அனுப்பியதாகவும், அவரைத் தன்னுடன் அனுப்பிவைக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. அதற்கு என் பதில் பின்வருமாறு.

பிரதாபன் என் மகளின் மகள் சுமித்திராவைக் கட்டியவர். இதில் "அவர்" என்று இருப்பது பொலிஸில் எழுதும் முறை. நான் சொன்ன சொல் வேறு. என் மகள் செத்த பிறகு சுமித்திராவை நான்தான் வளர்த்தேன். கலியாணம் பரந்தனில் நடந்தது. அவர்கள் பரந்தனிலேயே இருந்தார்கள். அதன் பிறகு சுமித்திரா நல்லநாள் பெருநாளுக்கும் வரவில்லை. போனில் எடுத்தால் இரண்டு சொல் பேசுவாள், பக்கத்தில் ஆள் நிற்பது எனக்குக் கேட்கும். கடந்த தைப்பொங்கலுக்கு முன்னர் ஒருநாள் படகால் இறங்கி வந்தாள். ஒரு பை கொண்டுவந்தாள். அந்த வெயிலில் மணிக்கட்டையும் மூடும் நீளக்கைச் சட்டை போட்டிருந்தாள். போனைச் சிம்மோடு கடலில் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டேன். சாப்பிடக் கை கழுவும்போது சட்டைக் கையை மடித்தாள். வலது கையின் பின்புறத்தில், மணிக்கட்டுக்குக் கிட்ட, அயன்பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. அயன்பெட்டி தவறி விழுந்தால் அப்படிப் பதியாது. சற்று நேரம் வைத்திருந்தால்தான் பதியும்.

அப்போது ஏன் பொலிஸுக்குச் சொல்லவில்லை என்று உத்தியோகத்தர் கேட்டார். சொன்னால் எங்கே இருக்கிறேன் என்று அந்தாளுக்குத் தெரிந்துவிடும் என்று பிள்ளை என் காலைப் பிடித்தாள். ஆகவே அயலுக்கு, எனக்கு முழங்கால் வருத்தம், உதவிக்கு வந்து நிற்கிறாள் என்று சொன்னோம். நெடுந்தீவுக்கு அப்பால் ஒருவருக்கும் தெரியாது, அந்தாள் போனில் கேட்டபோதும் இங்கே வரவில்லை என்றே சொன்னேன்.

அதன் பிறகு, மாசி மாதமளவில், யாழ்ப்பாணத்தில் உணவுப்பொருள் நிறுவனம் நடத்தும் கிருபானந்தன் என்பவர் என்னைத் தேடி வந்தார். என் மோர்மிளகாயை யாரோ கொடுத்துத் தின்றிருக்கிறார். அதைப் போத்தலில் அடைத்து, என் முகத்தைப் போட்டு, "தீவாச்சி" என்ற பெயரில் விற்கலாமா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். என் மோர்மிளகாய்க்கு முன்னால் வைக்க இந்தத் தீவுப்பகுதியில் வேறு மோர்மிளகாய் இல்லை, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பேசிய காசைக் கிருபானந்தன் ஒழுங்காகத் தந்தார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகு அவர் தன் அலுவலகத்தில் வேலை செய்யும் சர்மிதா என்ற பிள்ளையை அனுப்பினார். முகநூலில் தீவாச்சிக்கு ஒரு பக்கம் செய்வதுதான் அவளுடைய வேலை. என் படத்தை வட்டமாக வெட்டிப் பக்கத்தின் தலையில் வைத்தாள். பின்னால் எங்கள் கல்மதிலும் கடலும் தெரிந்தன. போடுகிற படம் எல்லாவற்றிலும் ஒரே மஞ்சள் நிறம் வரவேண்டும் என்று எனக்கு மஞ்சள் சேலையே கொண்டுவந்தாள். ஏன் பிள்ளை என்று கேட்டதற்கு, "சனம் விரலால தள்ளிக்கொண்டு போகேக்க மஞ்சளைக் கண்டால் விரல் நிக்கவேணும் ஆச்சி" என்று சொன்னாள். ஒருநாள் மோர்மிளகாயைப் பற்றிப் போட்டால் அடுத்த நாட்களில் அதைப் பற்றி மூச்சுவிடக்கூடாது, மாட்டையும் கன்றையும் என் சமையலையும் போட வேண்டும், சனம் விளம்பரம் பார்க்கிறோம் என்று நினைக்கக்கூடாது, ஒரு வீட்டுக்குள் வந்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டும் என்றும் சொன்னாள். கனடாவிலும் பிரான்சிலும் உள்ள எங்கள் ஆட்கள் வேலையால் வரும் நேரம் பார்த்தே படம் ஏற்றுவார்களாம்.

கீழே எழுதிக் கேட்கிறவர்களுக்கு உடனே பதில் போக வேண்டும், கம்பனி எழுதுகிறது என்று தெரியக்கூடாது, ஆச்சியே எழுதுவது போல இருக்க வேண்டும் என்பது கிருபானந்தனின் கட்டளை. அதற்காகச் சர்மிதா எங்கள் வீட்டில் வந்து தங்கி, நான் மாட்டோடு பேசுவது, அயலோடு பேசுவது, பிச்சைக்காரனோடு பேசுவது எல்லாவற்றையும் போனில் பதிந்துகொண்டு போனாள். நல்ல பிள்ளை. சண்டிலிப்பாயில் பிறந்தவள். போகும்போது என்னைப் போலவே பேசிக் காட்டினாள், நானும் சுமித்திராவும் சிரித்தோம். பரந்தனிலிருந்து வந்த பிறகு சுமித்திரா சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

என்னிடம் உள்ளது பொத்தான் போன். சுமித்திராவிடம் போனே இல்லை. ஆகையால் பக்கத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. சர்மிதா வரும்போது காட்டினால் பார்ப்போம். ஆனால் துறைக்குப் போனால், படகால் இறங்குகிற முன்பின் தெரியாத ஆட்கள் தீவாச்சி என்று கூப்பிட்டு என்னோடு நின்று படம் எடுத்தார்கள். சிலர் வீட்டுக்கும் வந்தார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

நான் கிருபானந்தனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். என் பேத்தியின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார். முகம் ஒருநாளும் வரவில்லை.

ஆடி மாதத்தில் மோர்மிளகாய் போடுவதை வீடியோ எடுக்க வந்தார்கள். அன்று எனக்குக் கை நடுக்கம். மிளகாயைக் கீறிப் பிடித்தால் விரல் ஆடுவது படத்தில் தெரிந்தது. அப்போது சர்மிதா, முகம் வேண்டாம், கை மட்டும் எடுப்போம், அக்கா செய்யட்டும் என்றாள். கை மட்டும் என்றபடியால் நானும் சரி என்றேன். சுமித்திராவும் சரி என்றாள். தயிருக்குள் கை விடுவதற்குச் சட்டைக் கையை மடித்தாள். மிளகாயைக் கீறினாள், உப்பிட்டாள், தயிரில் புரட்டினாள், பாயில் பரப்பினாள். சர்மிதா கிட்டப் போய்க் கிட்டப் போய் எடுத்தாள். முகத்தை மறைப்பதிலேயே எங்கள் மூவருக்கும் கவனம். கையைப் பார்த்தும் ஒருவரை அறியலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்னர் நடந்தவற்றை நான் இன்றைக்குத்தான் அறிந்தேன். சர்மிதா போனில் வாசித்துக் காட்டியதையும் உத்தியோகத்தர் இங்கே காட்டியதையும் வைத்துச் சொல்கிறேன். அந்த வீடியோவைச் சனம் விரும்பிப் பார்த்தபடியால், கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பக்கத்து ஆட்கள் எல்லோருடைய போனிலும் தானாகப் போய்த் தெரியும்படி கம்பனி காசு கட்டியிருக்கிறது. பரந்தனும் கிளிநொச்சிப் பக்கம்தான், அப்படி அது பிரதாபனின் போனுக்கும் போயிருக்கிறது. அவர் தன் பெயரை மறைத்து வேறு பெயரில், "ஆச்சி, இந்த வடிவான கை ஆற்றை கை?" என்று கீழே எழுதியிருக்கிறார். தீவாச்சி அதற்கு, "என்ர மகளின்ர மகள் மோனை. என்னோடதான் நிக்கிறாள்" என்று பதில் எழுதி, ஒரு பூவும் போட்டிருக்கிறது.

அதை எழுதியவள் சர்மிதா. அவளைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் ஒரு பிள்ளையைக் கண்டு இது ஆற்றை பிள்ளை, யாருடைய பிள்ளை என்று கேட்டால், இன்னாரின் மகள், இன்னாரின் பேத்தி என்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் கேட்டவரை மதிக்கவில்லை என்று பொருள். அந்தப் பிள்ளை அதை என் வாயிலிருந்துதான் படித்தாள். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதன் பிறகு பிரதாபன் ஒருவருக்கும் தெரியாமல் பக்கத்துக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, ஆச்சியைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்குப் போன பதில்: "வாங்கோ மோனை, வீடு திறந்துதான் கிடக்கு. குறிகட்டுவானில காலைப் படகு எடுங்கோ. துறையில இறங்கி ஆரைக் கேட்டாலும் வீடு காட்டுவினம்." இதைச் சர்மிதாவும் எழுதவில்லை. வரலாமா என்ற சொல் வந்தால் ஆள் இல்லாமலே அந்தப் பதில் போகும்படி வைத்திருக்கிறார்களாம். கேட்டவர் யார் என்று அதற்குத் தெரியாது.

இன்று காலை நான் முற்றத்தில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டு நின்றேன். சுமித்திரா குசினிக்குள் மோர் கடைந்துகொண்டிருந்தாள். அயலில் உள்ள கந்தப்புவின் முச்சக்கரவண்டி வந்து நின்றது. கந்தப்பு துறையில் நின்று ஆட்களை ஏற்றுகிறவர். அவர் இறங்கி, "ஆச்சி, உங்கட ரசிகர் ஒருத்தர். இனி வாசலில ரிக்கெற் போட்டுத்தான் விடவேணும்" என்று பகிடியாகச் சொன்னார். கந்தப்பு மேல் பிழையில்லை. பரந்தன் கலியாணத்துக்கு அவர் வரவில்லை, மாப்பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியாது. பின்னால் இறங்கியவர் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் அப்பிள் பையோடு நின்றார். நான் நிமிர்வதற்கு முதல் அவர், "அம்மம்மா, சுகமா இருக்கிறியளோ" என்றார். குசினிக்குள் மத்துச் சத்தம் நின்றது.

நான் உள்ளே வரச்சொல்லவில்லை. அவராகவே வந்து விறாந்தையில் உள்ள கதிரையில் இருந்தார். நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள் என்று சொல்லிப் போனைக் காட்டினார். அதில் என் படம் மஞ்சள் சேலையோடு சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே, மேலே சொன்ன பதில் இருந்தது. எழுத்து வாசிக்கத் தெரிந்தபடியால் நானே வாசித்தேன். வாசித்து முடிக்கும்வரை அவர் போனை அசைக்காமல் பிடித்திருந்தார். அதன் பிறகு தண்ணீர் கேட்டார். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குசினிப் பக்கம் பார்த்து, "மோர் மணக்குது. ஆர் கடையிறது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். கையில் தவிடு ஒட்டியிருந்தது. மோர் இல்லை.

கந்தப்பு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் போய்விட்டால் வீட்டில் நானும் பிள்ளையும் இந்தாளும்தான். ஆகவே, கன்று கட்டை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, வந்து பிடி என்று கந்தப்புவைக் கூப்பிட்டேன். கன்று கட்டிய இடத்திலேயே படுத்திருந்தது. கந்தப்பு வந்து கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குசினி வாசலுக்கும் விறாந்தைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

அப்போது பிரதாபன் சிரித்துக்கொண்டு சொன்ன சொல்லை, சொன்னபடியே எழுத வேண்டும் என்று உத்தியோகத்தரைக் கேட்டுக்கொண்டேன். "அவளின்ர கையைக் காட்டி யாவாரம் செய்யிறியள். அந்த முத்திரை நான் குத்தினது எண்டும் போத்தலில போடுங்கோவன்." இதைக் கந்தப்புவும் கேட்டார். கேட்டால் சொல்வார்.

அதன் பிறகு பிரதாபன் செம்பை நிலத்தில் வைத்துவிட்டு, சட்டப்படி வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லி வெளியே போனார். அப்பிள் பையைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர் ஒழுங்கையால் திரும்பிய பிறகு குசினிக்குள் போனேன். மோர்ப் பானை மூடியிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. பின்மதிலில் இரண்டு மூன்று கல் விழுந்து கிடந்தன. சுமித்திராவின் செருப்பு உள்ளேயே இருந்தது.

நானும் கந்தப்புவும் தேடினோம். வெளியில் கிணறுகள் உண்டு. கந்தப்பு ஒவ்வொரு கிணற்றையும் போய் எட்டிப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. பின்னர் அவளைக் கண்டோம். உயிரோடு, நல்லபடி இருந்தாள். கால் இரண்டும் கல்லில் கிழிந்திருந்தன.

அதன் பிறகு கந்தப்புவின் போனால் கிருபானந்தனை எடுத்து, வீடியோவை அழிக்கச் சொன்னேன். அவர் முதலில், அதற்குக் காசு கட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றிலும் அதுதான் நல்லாகப் போகிறது, திங்கட்கிழமை பார்ப்போம் ஆச்சி என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். பிறகு சர்மிதா போனை வாங்கி எல்லாவற்றையும் தேடி வாசித்தாள். வாசிக்கும்போது அவள் குரல் என் குரல் போல இல்லை, அவளுடைய சொந்தக் குரலாக இருந்தது. "நான் அழிச்சிட்டன் ஆச்சி. ஆரையும் கேக்கேல்லை. ஆனா சனம் தங்கட போனில எடுத்து வைச்சிருக்கும், அதை என்னால அழிக்க ஏலாது" என்றாள். தானாகப் பதில் போவதையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள்.

அதற்குள் பிரதாபன் இங்கே முறைப்பாடு செய்துவிட்டார். உத்தியோகத்தர் என்னிடம் பக்கத்தில் உள்ள பதில்களைப் படமெடுத்த தாளைக் காட்டி, இவை உங்கள் சொற்களா என்று கேட்டார். மோனை என்பது வருகிற பிள்ளைகளை நான் கூப்பிடும் சொல். வீடு திறந்து கிடக்கு என்பதும் நான் வருகிற ஆட்களுக்குச் சொல்வதுதான். முகமும் என்னுடையது. ஆனால் பிரதாபனுக்கு நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, யாரையும் கொண்டு எழுதுவிக்கவும் இல்லை. அவரை வரச்சொல்லி அழைக்கவும் இல்லை. என் படத்தின் கீழே எழுதியிருப்பதால் அது நான் அழைத்த அழைப்பு ஆகாது. இதைக் கிருபானந்தனும் சர்மிதாவும் எழுத்தில் தருவார்கள்.

சுமித்திராவை நான் அடைத்து வைக்கவில்லை. வீட்டுக்குப் படலை உண்டு, பூட்டு இல்லை. அவள் தானாக வந்தாள், தானாக இருந்தாள். அவளுக்கு வயது இருபத்தாறு. போக விருப்பம் என்றால் அவளே சொல்வாள்.

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கும்போது கந்தப்பு துறையிலிருந்து வந்து உத்தியோகத்தரிடம் ஒரு விஷயம் சொன்னார். இன்றைய கடைசிப் படகு போய்விட்டது. அதில் பிரதாபன் ஏறவில்லை. படகில் வேலை செய்யும் அப்புத்துரையும் அப்படியே சொன்னாராம். இனி நாளைக்குத்தான் படகு. அவர் இந்தத் தீவுக்குள் எங்கேயோ நிற்கிறார். எங்கே தங்குகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டுக்கு வழி கேட்டால் இங்கே சின்னப் பிள்ளையும் காட்டும். சந்தோஷமாகக் காட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் எழுதச் சொன்னேன். இந்த வயதில் எனக்குப் பயம் என்று பொலிஸில் எழுத வைக்க வெட்கம்தான், ஆனாலும் எழுதட்டும். அவரைத் தேடிப் பிடித்து, கையில் சுட்டது பற்றி விசாரிக்கும்படியும், அதுவரை என் வீட்டுக்கு ஆள் போடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

சுமித்திரா தற்போது எங்கே இருக்கிறார் என்று உத்தியோகத்தர் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

இது வெளியே போகாது, பொலிஸ் கோவையில் மட்டும் இருக்கும் என்று உத்தியோகத்தர் விளக்கினார். அவர் நல்லவர், தாயோடு பேசுவது போலப் பேசினார். மீண்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுக்கிறீர்களா என்று கேட்டார். மறுக்கவில்லை, எழுத்தில் வைக்கமாட்டேன் என்று சொன்னேன். அவளே வந்து சொல்ல வேண்டும் என்றால், பெண் உத்தியோகத்தர் ஒருவர் வரட்டும், நான் முன்னால் நடந்து போய்க் கூட்டிவருகிறேன், பின்னால் வரலாம். ஆனால் இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன்.

எழுதியதை உத்தியோகத்தர் வாசித்தார், பிறகு நானும் என் கண்ணால் வாசித்தேன். சொல்லாத ஒரு வார்த்தையும் இதில் என் பெயரில் இல்லை. சொன்னது எல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்று, அதைத் தெரிந்தே விட்டேன்.

(ஒப்பம்) அ. ஞானசவுந்தரி